கமாத்தி பாக் தோட்டத்தில் ஐந்து மணி நேரம்

(ஆய்வு மாணவர்களின் வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'புறத் தாக்கங்களுக்கு நடுவே தன்னை அறிதலும் மன நிதானமும்' என்று இன்றைய தலைப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்ட அரை மணி நேரத்தில் எனக்கு இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று, "என்ன தோழர், யோகா மாஸ்டர் ஆயிட்டீங்களா?" இன்னொன்று, "சாதி அப்படியே இருக்கும்போது மனசு மட்டும் எப்படித் தோழர் அமைதியாகும்?" முதலாவது கிண்டல். அதற்குச் சிரித்துவிட்டுப் போகலாம். இரண்டாவது கேள்வி உண்மையானது. அதைக் கேட்ட தோழர் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். நான் பேசப் போவது பெரும்பாலும் அவருக்கான பதில்.

அமைதி என்ற சொல்மீது நமக்கு இருக்கும் சந்தேகம் நியாயமானது. இந்த நாட்டில் அமைதியாக இரு என்று யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று பாருங்கள். ஊர் சேரியிடம் சொல்லும். நெறியாளர் ஆய்வு மாணவரிடம் சொல்வார். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப் போனவரிடம் சொல்வார்கள். அதற்குப் பெயர் அமைதிப் பேச்சுவார்த்தை. அடித்தவனிடம் யாரும் தியானம் செய்யச் சொல்வதில்லை. எனவே உள் அமைதி என்று ஒருவர் ஆரம்பித்தாலே நமக்குக் காது கூசுகிறது. இது பார்ப்பனச் சரக்கு, ஆசிரமச் சரக்கு, ஐடி கம்பெனிச் சரக்கு என்று தள்ளிவிடுகிறோம்.

தள்ளுவதற்கு முன்னால் ஒரு மனிதரைப் பார்க்கலாம். நாம் எல்லோரும் சுவரில் மாட்டியிருக்கும் மனிதர்தான்.

1917. அம்பேத்கருக்கு இருபத்தாறு வயது. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு, தன்னைப் படிக்கவைத்த பரோடா சமஸ்தானத்தில் வேலை செய்ய வருகிறார். தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைச் சொல்லிக்கொண்டு தங்குகிறார். விடுதிக் காப்பாளருக்கு விஷயம் தெரியும். ஆனாலும் வேறு விருந்தினர் யாருமில்லாத இடம், நாலு காசு வரட்டும் என்று ஒப்புக்கொள்கிறார். மாடியில் ஒரு பெரிய கூடம். உடைந்த நாற்காலி, பழைய பெஞ்சு என்று தட்டுமுட்டுச் சாமான்கள். மின்விளக்கு இல்லை. இரவானால் ஒரு சிறிய அரிக்கேன் விளக்கு. வௌவால்கள் பறக்கும். பேச ஒரு மனிதர் கிடையாது. இதெல்லாம் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று நாம் மொழிபெயர்த்து வைத்திருக்கும் சிறு நூலில் அவரே எழுதியது. 1935 வாக்கில் எழுதி, அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து 1990இல்தான் தனி நூலாக வந்தது.

அந்தக் கூடத்தில் அவர் என்ன செய்தார்? படித்தார். படிப்பில் மூழ்கும்போது தனிமை மறந்துவிடும். கூடத்தையே தங்கள் வீடாக்கிக்கொண்ட வௌவால்கள் கிறீச்சிட்டுப் பறக்கும்போது மறுபடி நினைவுக்கு வரும், தான் எங்கே இருக்கிறோம் என்பது. உடனே உடல் நடுங்கும். மறுபடி படிப்பார். இதை நான் முதலில் படித்தபோது வேகமாகக் கடந்து போய்விட்டேன். தடியோடு வரும் ஆட்களின் காட்சிதானே எல்லோருக்கும் நினைவில் இருப்பது. ஆய்வுக்கு வந்து, விடுதி அறையில் விளக்கடியில் உட்கார ஆரம்பித்த பிறகுதான் இந்த வௌவால் பகுதி கண்ணில் பட்டது. கவனம் சிதறுகிறது, திரும்புகிறது, மறுபடி சிதறுகிறது. சிதறடிப்பது வௌவால் என்று எழுதுகிறார். ஆனால் அது நினைவுபடுத்துவது சாதியை. சரியாகப் படிக்கத் தெரியவில்லையே என்று அவர் தன்னைத் திட்டிக்கொள்ளவில்லை என்பதையும் கவனியுங்கள். சிதறல் எங்கிருந்து வருகிறது என்று தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

பதினோராவது நாள் என்கிறார். காலை உணவு முடித்து அலுவலகம் கிளம்பும்போது பத்துப் பன்னிரண்டு பார்சிகள் தடிகளோடு மாடியேறி வருகிறார்கள். விடுதியைத் தீட்டுப்படுத்திவிட்டாய், மாலைக்குள் காலி செய் என்கிறார்கள். ஒரு வாரம் அவகாசம் கேட்டுப் பார்க்கிறார். கிடைக்கவில்லை. நண்பர்கள் இருவரிடம் போகிறார். ஒருவர் இந்து, நீ வந்தால் என் வீட்டு வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்கிறார். இன்னொருவர் பிராமணராக இருந்து கிறிஸ்தவரானவர், மனைவியைக் கேட்க வேண்டும் என்கிறார். அப்போது மாலை நான்கு மணி. பம்பாய் ரயில் இரவு ஒன்பதுக்கு. நடுவில் ஐந்து மணி நேரம். விடுதிக்குத் திரும்பினால் அடி விழலாம். நண்பர் வீட்டில் இருக்க மனமில்லை. கமாத்தி பாக் என்ற பொதுத் தோட்டத்துக்குப் போய் உட்காருகிறார்.

இன்றைக்கு அந்தத் தோட்டத்தில் அந்த இடத்தை 'சங்கல்ப பூமி' என்கிறார்கள். ஆண்டுதோறும் செப்டம்பர் 23 அன்று மக்கள் கூடுகிறார்கள். அங்கே உட்கார்ந்துதான் சாதியை ஒழிப்பேன் என்று அண்ணல் உறுதி எடுத்தார் என்பது மக்களின் நம்பிக்கை. எனக்கு அதில் மனத்தாங்கல் எதுவும் இல்லை. ஒரு சமூகம் தன் தலைவரின் கண்ணீர் விழுந்த இடத்தில் கூடுவது நல்லது. ஆனால் அவர் எழுதியதைப் போய்ப் படித்தால் அந்தப் பக்கத்தில் சங்கல்பம் இல்லை. மனம் பாதி வெறுமையாக இருந்தது, பாதி துக்கமாக இருந்தது, கைவிடப்பட்ட குழந்தைகளைப் போல அம்மா அப்பாவை நினைத்துக்கொண்டேன் என்ற பொருளில்தான் எழுதுகிறார். அவ்வளவுதான். எட்டு மணிக்கு எழுந்து, விடுதிக்குப் போய், பெட்டியை எடுத்து, காப்பாளருக்குப் பணத்தைக் கொடுக்கிறார். அவர் மௌனமாக வாங்கிக்கொள்கிறார். இருவருக்கும் பேச்சு வரவில்லை.

அந்த வரி எனக்குச் சங்கல்பத்தைவிடப் பெரியது. ஏன் என்று சொல்கிறேன். அவர் இதை எழுதும்போது மகாத் போராட்டம் முடிந்து எட்டு ஆண்டு ஆகியிருக்கிறது. வட்டமேசை மாநாடு, பூனா ஒப்பந்தம் எல்லாம் நடந்து முடிந்துவிட்டன. அகில இந்தியத் தலைவர். "அன்றைக்கே நான் சபதம் எடுத்தேன்" என்று ஒரு வாக்கியம் சேர்த்திருந்தால் யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்? சேர்க்கவில்லை. அன்று தனக்குள் என்ன இருந்ததோ அதை மட்டும் எழுதினார். கோபம் இருந்தது என்றுகூட அந்த இடத்தில் எழுதவில்லை. வெறுமை, துக்கம், அம்மா, அப்பா. பதினெட்டு ஆண்டு கழித்தும் நினைத்தால் கண்ணீர் வருகிறது என்று அதையும் ஒளிக்காமல் எழுதுகிறார். தன்னை அறிதல் என்று நான் சொல்வது இதைத்தான். தனக்குள் நடப்பதை, அது வீரமாக இல்லாவிட்டாலும், இருக்கிறபடி பார்ப்பது.

இனி பின்வரிசைத் தோழரின் கேள்விக்கு வருகிறேன். சாதி வெளியே இருக்கிறது, உள்ளே பார்த்து என்ன பயன் என்பதுதானே கேள்வி. சாதி வெளியே மட்டும் இருந்தால் அது சரி. 2004இல் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் உலக வங்கிக்காக வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. உத்தரப் பிரதேசக் கிராமத்துச் சிறுவர்கள், ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். தாளில் புதிர்ப்பாதை கொடுத்து வழி கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். முடித்த ஒவ்வொன்றுக்கும் காசு. யார் என்ன சாதி என்று அறிவிக்காதபோது ஆதிக்கச் சாதிப் பிள்ளைகளுக்கும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. பிறகு வேறு குழுக்களில், பிள்ளையின் பெயர், அப்பா பெயர், சாதி எல்லாவற்றையும் எல்லோர் முன்னாலும் வாசித்துவிட்டு அதே புதிரைக் கொடுக்கிறார்கள். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் முடித்த புதிர்களின் எண்ணிக்கை சரிந்துவிடுகிறது.

யாரும் திட்டவில்லை. யாரும் அடிக்கவில்லை. பெயரை வாசித்தார்கள், அவ்வளவுதான். பென்சில் பிடித்த கை அதே கை. நடுவில் என்ன நுழைந்தது? வகுப்பறையில் வருகைப் பதிவேட்டோடு சேர்த்து உதவித்தொகைப் பட்டியல் வாசிக்கப்பட்டபோது எழுந்து நின்றவர்கள் இங்கே எத்தனை பேர்? கையைத் தூக்க வேண்டாம். எனக்குத் தெரியும்.

ஆக, புறத் தாக்கம் என்பது வெளியே நின்று கத்திக்கொண்டிருப்பது இல்லை. அது உள்ளே வந்து நம் குரலிலேயே பேசுகிறது. அதுதான் சிக்கல். வெளியே இருந்து பேசினால் பதில் சொல்லிவிடலாம்.

என்னுடைய அனுபவம் ஒன்று. ஆய்வின் இரண்டாம் ஆண்டு, ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்தேன். கோலார் தங்கவயலில் நூறு ஆண்டுகளுக்கு முன் தமிழ்த் தொழிலாளர்கள் நடத்திய பௌத்த சங்கத்தைப் பற்றி. வாசித்து முடித்ததும் மூத்த பேராசிரியர் ஒருவர் கேட்டார், "இந்தத் தலைப்பை எடுக்க உங்களுக்குத் தனிப்பட்ட காரணம் ஏதாவது உண்டா?" அரங்கில் சிலர் சிரித்தார்கள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "நிதானமாகச் சொல்லுங்கள், இது மேடை இல்லை, அறிவுத்துறை" என்றார். காது மடல் இரண்டும் சூடாகின. கையில் பிடித்திருந்த தாள் ஆடியது. அந்த நான்கைந்து நொடியில் எனக்குள் மூன்று குரல்கள் கேட்டன. ஒன்று, இவனைச் சும்மா விடாதே என்றது. ஒன்று, நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடு, சினாப்சிஸ் கமிட்டியில் இவர் வரக்கூடும் என்றது. மூன்றாவது மிக மெதுவாக, ஒருவேளை அவர் சொல்வது சரிதானோ, இது ஆய்வுதானா என்றது.

மூன்றாவது குரல்தான் ஆபத்தானது. அது என்னுடையது போலவே பேசியது. கவனித்தபோது தெரிந்தது, அந்தக் குரலுக்கு வயது பதிமூன்று. ஒன்பதாம் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியபோது, யாரைப் பார்த்து எழுதினாய் என்று கேட்கப்பட்டபோது உள்ளே வந்து உட்கார்ந்த குரல் அது. வந்த நாளும் தெரிகிறது, கொண்டுவந்த ஆளும் தெரிகிறது. அப்படியென்றால் அது நான் இல்லை. பாட்டிலைத் திறந்து இரண்டு வாய் தண்ணீர் குடித்தேன். "காரணம் உண்டு ஐயா. உங்கள் தலைப்பை நீங்கள் எடுத்ததற்கும் காரணம் இருந்திருக்கும். கட்டுரையில் நான் காட்டியிருக்கும் ஆதாரத்தில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள், சொல்கிறேன்" என்றேன். அவர் அடுத்த கட்டுரையாளரிடம் போய்விட்டார். இதில் வெற்றி ஒன்றும் இல்லை. அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஆனால் பதில் என்னிடமிருந்து வந்தது. மூன்று குரல்களில் ஒன்று என்னை இழுத்துக்கொண்டு போய்ச் சொன்ன பதில் இல்லை அது.

பௌத்தத்தில் இதற்கு ஒரு சொல் உண்டு. பாலியில் 'ஸதி'. தமிழில் எழுதினால் 'சதி' என்று ஆகிவிடும், வேறு பொருள் வந்துவிடும், ஆகவே கிரந்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லின் வேர் நினைவு. 1881இல் ரைஸ் டேவிட்ஸ் என்ற ஆங்கில அறிஞர் அதை 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று மொழிபெயர்த்தார். 1979இல் அமெரிக்காவில் ஜான் கபட்-ஸின் அதை மன அழுத்தத்துக்கான மருத்துவமனைப் பயிற்சியாக மாற்றினார். அங்கிருந்து கம்பெனிகளுக்குப் போனது, அங்கிருந்து செல்பேசிச் செயலிக்கு வந்தது. இன்று மாதச் சந்தா கட்டினால் மணியோசை கேட்கும். நோயாளிகளுக்கு அது பயன்பட்டிருக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பதினான்கு மணி நேரம் வேலை வாங்கிவிட்டுப் பத்து நிமிடம் மூச்சைக் கவனி என்று சொல்பவனுக்கும் புத்தருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பாலி நூல்களில் ஸதிக்குச் சொல்லப்படும் உவமை என்ன தெரியுமா? எல்லைப்புற நகரத்தின் வாயிற்காவலன். தெரிந்தவரை உள்ளே விடுகிறவன், தெரியாதவரை நிறுத்துகிறவன். அறிவும் அனுபவமும் உள்ள காவலனாக இருக்க வேண்டும் என்கிறது. கண்ணை மூடிக்கொண்டு புன்னகைக்கும் ஆள் கிடையாது. யார் வருகிறார்கள், எங்கிருந்து வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள் என்று கேட்கிற ஆள். வாழ்நாளெல்லாம் பிறர் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் நாம். கோயில் வாசலில், டீக்கடை வாசலில், நேர்முகத் தேர்வு வாசலில். நம்முடைய சொந்த வாசலுக்கு மட்டும் காவல் போடாமல் விட்டுவைத்திருக்கிறோம். யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து, இது உன்னால் முடியாது என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

இதே இடத்தில் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இரண்டு அம்பு உவமையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அடிபட்ட வலி முதல் அம்பு, அதை நினைத்து நாமே புலம்பிக்கொள்வது இரண்டாம் அம்பு, இரண்டாவதைத் தவிர்க்கலாம் என்று சொல்வார்கள். நல்ல உவமைதான். ஆனால் இப்போது பயிலரங்கு நடத்துகிறவர்கள் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள்? அவமானப்படுத்தப்பட்டவரிடம் போய், முதல் அம்பை விடு, இரண்டாம் அம்பு நீயே விட்டுக்கொள்வது, அது உன் பொறுப்பு என்கிறார்கள். அந்தப் புதிர்ப்பாதைச் சிறுவன் எதை விட்டுக்கொண்டான்? இரண்டாம் அம்பையும் அவனுக்குள் நட்டுவைத்தது இந்தச் சமூகம்தான். பிடுங்க வேண்டியது அவன் கை என்பது வேறு விஷயம். எய்தது யார் என்பதை மறக்கச் சொல்லும் தியானம் நமக்கு வேண்டாம்.

இப்போது செல்பேசி. இதைப் பற்றிப் பேசாமல் இந்தத் தலைப்பைப் பேச முடியாது. ஒரு வன்கொடுமை நடக்கிறது. காணொளி வருகிறது. பார்க்கிறோம், பகிர்கிறோம், கீழே வந்து ஆபாசமாகப் பேசுபவனுக்குப் பதில் எழுதுகிறோம். அவன் இன்னொன்று எழுதுகிறான். இரவு இரண்டு மணி. மறுநாள் காலை ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டியவர் போகவில்லை. மூன்றாம் நாள் வேறு ஊரில் வேறு கொடுமை, வேறு காணொளி. முதல் ஊரின் பெயர் நினைவில் இல்லை. நான் பகிர வேண்டாம் என்று சொல்லவில்லை. பகிர்ந்ததால்தான் வழக்கே பதிவான சம்பவங்கள் உண்டு. ஆனால் நம்முடைய கோபத்தை யார் எத்தனை மணிக்கு எடுத்துச் செலவு செய்வது என்பதை நாம் முடிவு செய்வதில்லை. நம்மைத் திட்டுவதையே வேலையாக வைத்திருக்கும் முகம் தெரியாத ஒருவன் முடிவு செய்கிறான். அவனுக்குச் செலவு இரண்டு வரி. நமக்குச் செலவு ஒரு அத்தியாயம்.

என் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது நான் திண்ணையில் உட்கார்ந்து போனைத் தட்டிக்கொண்டே இருந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "நீ படிக்கிறியா, இல்ல யாருக்காச்சும் பதில் சொல்லிக்கிட்டே இருக்கியா?" அவருக்கு ஆய்வு என்றால் என்னவென்று நான் ஒருமுறைகூடச் சரியாக விளக்கியது இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைவிடக் கூர்மையாக என் ஆய்வேட்டைப் பற்றி எந்தக் கமிட்டியும் கேட்டதில்லை. டோனி மாரிசனும் இனவெறியைப் பற்றி இதே பொருளில் பேசியிருக்கிறார், அது நம் வேலையைச் செய்யவிடாமல் நம்மைத் திரும்பத் திரும்ப விளக்கம் சொல்ல வைக்கிறது என்று. நம் ஆட்களுக்குத் தகுதி உண்டா, இடஒதுக்கீடு சரியா, புத்தர் இந்துவா. நூறு ஆண்டுகளாக அதே கேள்விகள். கேட்பவர்களுக்குப் பதில் தேவை இல்லை. நம் நேரம் தேவை.

சரி, உள்ளே பார்க்க நேரமும் இடமும் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். இதைத்தான் அம்பேத்கரின் புத்தர் நமக்குச் சொல்கிறார். 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் அண்ணல் பழைய கதையை மாற்றிவிட்டார் என்பது நமக்குத் தெரியும். கிழவரையும் நோயாளியையும் பிணத்தையும் பார்த்துச் சித்தார்த்தன் வீட்டைவிட்டு ஓடவில்லை. இருபத்தொன்பது வயதுவரை ஒருவன் பிணத்தைப் பார்க்காமலா இருந்திருப்பான் என்பது அண்ணலின் நியாயமான சந்தேகம். ரோகிணி ஆற்றுத் தண்ணீருக்காகச் சாக்கியருக்கும் கோலியருக்கும் சண்டை மூள்கிறது. போர் வேண்டாம் என்று சாக்கியர் சங்கத்தில் சித்தார்த்தன் வாதாடித் தோற்கிறான். அதன் விளைவாகத்தான் வெளியேறுகிறான். அரசியல் காரணம். பிறகு வழியில் செய்தி வருகிறது, போர் நின்றுவிட்டது, சமாதானம் ஆகிவிட்டது என்று. அப்படியானால் வீட்டுக்குப் போய்விடலாமே? போகவில்லை. நாடுகளுக்கு இடையிலான சண்டை எப்போதாவது வருவது, வர்க்கங்களுக்கு இடையிலான சண்டை ஓயாமல் நடப்பது, அதற்குத் தீர்வு தேட வேண்டும் என்று யோசித்துத்தான் தொடர்ந்து போகிறான். உட்கார்ந்து யோசிக்க ஒரு மனிதனுக்கு அண்ணல் கொடுக்கும் காரணம் இது.

அதற்குப் பிறகு வரும் ஒரு சின்னத் தகவலை நம் ஆட்கள் அதிகம் பேசுவதில்லை. போதி மரத்தடியில் உட்காருவதற்கு முன் நாற்பது நாளைக்குப் போதுமான உணவைக் கௌதமர் சேகரித்து வைத்துக்கொண்டார் என்று எழுதுகிறார் அம்பேத்கர். நாற்பது நாள் சோறு! முதலில் அரிசி, பிறகு ஞானம். பட்டினி கிடந்து பார்த்து, அதில் பயனில்லை என்று தெரிந்துகொண்டவர் அவர். உடலை வதைத்தால் மனம் தெளியாது.

இதை நம் விடுதிக்குப் பொருத்துங்கள். உதவித்தொகை எத்தனை மாதம் தாமதமாக வருகிறது? மெஸ் பாக்கி எவ்வளவு? ரோஹித் வெமுலாவின் கடைசிக் கடிதத்தில் நட்சத்திரங்கள் இருந்தன, அறிவியல் இருந்தது, கூடவே தனக்கு வரவேண்டிய ஏழு மாத உதவித்தொகையின் கணக்கும் இருந்தது. அந்தப் பணத்தை வீட்டில் கொடுக்கச் சொல்லியிருந்தார். அறையிலிருந்து துரத்தப்பட்டவருக்கு, உதவித்தொகை வராதவருக்கு மனப்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு நிர்வாகத்துக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆகவே உதவித்தொகைக்காகப் போராடுவதும் தியானம் தொடர்பான கோரிக்கைதான் என்று அரைச் சிரிப்போடு சொல்வேன். பெண் தோழர்களுக்கு இது இரட்டிப்பு. போன வாரம் ஒரு தோழர் சொன்னார், "எனக்குத் தனியாக உட்காரக் கிடைக்கிற இடம் பஸ்ஸில் ஜன்னலோரம் மட்டும்தான்." வீட்டுக்குப் போனால் அடுப்படி, விடுதிக்கு வந்தால் வார்டன், ஆய்வகத்தில் நெறியாளர். அவருக்கு அமைதியைப் பற்றி உபதேசம் செய்யும் ஆண் தோழர்கள் முதலில் பாத்திரத்தைக் கழுவலாம்.

இன்னொன்று. அம்பேத்கர் அந்த மாடிக் கூடத்தில் ஏங்கியது மனிதத் துணைக்கு. புத்தகம் கிடைத்தது, அதைப் பிடித்துக்கொண்டார். தனிமையில் கிடைப்பது எல்லாம் அமைதி ஆகாது. அது தண்டனையாகவும் இருக்கலாம். நம்மில் பலர் மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு ஆகும்போது அறையைச் சாத்திக்கொள்கிறோம். போனை எடுப்பதில்லை. எழுதுகிறார் போல என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்கிறோம். என்னோடு சேர்ந்த ஐந்து பேரில் இரண்டு பேர் அப்படித்தான் காணாமல் போனார்கள். கடைசியில் ஊருக்குப் போய்விட்டார்கள் என்று தெரிந்தது. ஆய்வேடு பாதியில் நிற்கிறது. கதவு சாத்தியிருந்தால் தட்டுங்கள். எழுதிக்கொண்டிருந்தால் திட்டுவார், அவ்வளவுதானே. தாங்க முடியாத அளவுக்குப் போனவரிடம் மூச்சைக் கவனி என்று சொல்லாதீர்கள். கூட உட்காருங்கள், மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

என் ஆய்வில் நான் பார்க்கிற மனிதர்கள் இதைத் தெரிந்துவைத்திருந்தார்கள். 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் இலங்கைக்குப் போய்ப் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை ஆரம்பித்தார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' வாரப் பத்திரிகை. அதே ஆண்டு லட்சுமி நரசுவின் 'பௌத்தத்தின் சாரம்' ஆங்கிலத்தில் வந்தது. 1948இல் அதன் மறுபதிப்புக்கு அண்ணல் முன்னுரை எழுதினார். தங்கவயலில் பூமிக்கு அடியில் இறங்கிப் பாறை உடைத்துவிட்டு மேலே வந்தவர்கள் அந்தச் சங்கத்தின் கிளையை நடத்தினார்கள். பத்திரிகை வாங்கி, எழுத்துத் தெரிந்தவர் படிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். பண்டிதர் அவர்களுக்குச் சொன்னதன் சுருக்கம் இவ்வளவுதான்: உன்னைப் பற்றி ஊர் சொல்கிற பெயர் உன் பெயர் இல்லை, நீ பூர்வ பௌத்தன். வரலாற்று ஆதாரம் என்ற வகையில் அவர் சொன்ன சிலவற்றோடு எனக்கு உடன்பாடு இல்லை. சொற்களைப் பிரித்துப் பொருள் சொல்வதில் சில இடங்களில் ரொம்ப தூரம் போய்விடுவார். ஆனால் உள்ளே உட்கார்ந்திருக்கும் அந்நியக் குரலை அடையாளம் காட்டி, எழுந்து வெளியே போ என்று சொல்ல ஒரு முழுச் சமூகத்துக்குப் பழக்கினார். அதைக் காட்டில் போய்ச் செய்யவில்லை. பத்திரிகை நடத்திச் செய்தார். வேலை முடிந்த களைப்போடு பத்துப் பேர் ஒன்றாக உட்கார்ந்து செய்தார்கள்.

நாமும் ஒரு சின்ன ஏற்பாட்டைச் செய்து பார்க்கலாம் என்று நானும் வட்டத்து ஒருங்கிணைப்பாளரும் பேசிவைத்திருக்கிறோம். அடுத்த ஞாயிறு மாலை நான்கு மணிக்கு இதே அறை. வரும்போது போனை வாசலில் இருக்கும் அட்டைப்பெட்டியில் போட்டுவிட வேண்டும். வீட்டிலிருந்து அவசர அழைப்பு வரக்கூடியவர்கள் காவலாளி அண்ணனின் எண்ணை வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள், அவரிடம் சொல்லியாயிற்று. முதலில் கால் மணி நேரம் யாரும் பேச வேண்டாம், சும்மா இருக்கலாம். கண்ணை மூடுவதும் திறந்துவைப்பதும் உங்கள் விருப்பம். அந்த வாரத்தில் எந்தக் குரல் உள்ளே வந்து பேசியது, அது யாருடைய குரல் என்று மட்டும் பார்ப்போம். எழுதினாலும் சரி. யாரும் யாரிடமும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பிறகு 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலின் பரோடா பகுதியைச் சத்தமாகப் படிப்போம். சில பக்கங்கள்தான், ஆளுக்கு ஒரு பத்தி. எட்டரைக்கு மெஸ் மூடிவிடும், அதற்குள் முடித்துவிடலாம்.

வௌவால் வரும் பத்தியை யார் படிக்கிறீர்கள் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். பின்வரிசைத் தோழர் படித்தால் எனக்கு மகிழ்ச்சி. அவருடைய கேள்வியின் மீதியையும் அன்றைக்குக் கேட்கலாம்.

ஜெய்பீம்.